பெட்ரோல் பழசாகும் வரலாறு

மூன்று மாதம் ஓடாமல் நின்ற பைக் எத்தனை உதை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பழி வண்டிக்காரர் மீதுதான் விழும். அதில் பாதிதான் நியாயம். மீதிப் பாதி பெட்ரோல் தயாரிக்கப்படும் முறையைச் சேர்ந்தது, அதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. ஆரம்பத்தில் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்ததே பெட்ரோல். கார்கள் பெருகியதும் அது போதவில்லை. 1913இல் அமெரிக்காவில் வில்லியம் பர்ட்டன், கனமான எண்ணெயை அழுத்தத்தில் சூடேற்றி மூலக்கூறுகளை உடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதே கச்சா எண்ணெயிலிருந்து கிடைத்த பெட்ரோல் ஏறத்தாழ இரு மடங்கானது. ஆனால் இப்படி உடைத்தெடுத்ததில் ஒலிஃபின் என்னும் சேர்மங்கள் மிகுதி. அவை காற்றின் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து நாளடைவில் பிசினாகின்றன. இதைத் தடுக்கும் வேதிப்பொருள்களைச் சேர்க்கும் வழக்கம் 1930களில் வேரூன்றியது. அவை பிசின் பிடிப்பதைத் தள்ளிப்போட்டன, அடியோடு நிறுத்தவில்லை. பங்க்கில் நாம் போடும் பெட்ரோலுக்கு இன்றும் ஓர் ஆயுள் உண்டு.

அந்த ஆயுள் முதலில் தீரும் இடம் கார்புரேட்டர். 1950களின் நடுவில் சென்னையில் புல்லட் தயாரிப்பு தொடங்கிய காலம் முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் சாலைகளில் ஓடிய பைக்குகள் பெரும்பாலும் கார்புரேட்டரை நம்பியவை. அதன் அடியிலுள்ள சிறு கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் தேங்கி நிற்கும். காற்றுக்குத் திறந்தும் இருக்கும். வண்டி நின்றால் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும், குளிர்ந்த எஞ்சினைப் பிடிக்க வைப்பதே அந்தப் பகுதிதான். எஞ்சியது பழுப்பேறி, புளித்த வாடையோடு வார்னிஷ் போலப் படியும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் செல்லும் பைலட் ஜெட் என்னும் சிறு குழலின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை அடைக்க மிக மெல்லிய படிவே போதும். டேங்கிலிருந்து வரும் பெட்ரோலை நிறுத்தும் காக்கை மூடும் பழக்கம், கிண்ணத்துக்குள் பெட்ரோலை அளவாக விடும் மிதவை ஊசி கசிந்து பெட்ரோல் வீணாகாமல் இருக்கவே பலருக்கு ஏற்பட்டது. ஆனால் காக்கை மூடிவிட்டு, கிண்ணம் வற்றி எஞ்சின் தானே அணையும்வரை ஓடவிட்டவர்கள் ஜெட்டையும் காப்பாற்றிக்கொண்டார்கள்.

இப்போது எல்லாக் குற்றமும் எத்தனால் என்னும் சாராயத்தின் தலையில் போடப்படுகிறது. பெட்ரோலில் சாராயம் கலக்கும் எண்ணம் இங்கே புதிதல்ல. அதற்கென்றே 1948இல் ஒரு மத்திய சட்டம் வந்தது. 2003இல் சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கியது, 2022இல் நாடு 10 சதவீதத்தை எட்டியது, 2023இல் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்தது. எத்தனால் தானாகப் பிசினாவதில்லை. அந்தப் பழி பொருந்தாது. அதன் குணம் ஈரத்தை இழுப்பது. அளவு மீறித் தண்ணீர் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் வழியும் அங்கேதான். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இந்தக் கலவையை நினைத்துச் செய்யப்பட்டவையும் அல்ல. ஆக, நாட்பட்ட பெட்ரோலின் தொல்லை எத்தனாலால் தொடங்கவில்லை, அதோடு ஈரத்தின் தொல்லையும் சேர்ந்துகொண்டது.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தபின் இந்தப் பேச்சே தேவையில்லை என்பார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசு விதி வந்தபின் புதிய பைக்குகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இன்ஜெக்‌ஷன் மூடிய அமைப்பு என்பதால் ஆவியாவது குறைவு என்பது உண்மையே. ஆனால் இன்ஜெக்டரின் துளைகளும் நுண்ணியவை, பம்ப்போ டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. மூடுவதற்குக் காக்கும் இல்லை, வடிப்பதற்குக் கிண்ணமும் இல்லை. அதைவிட முக்கியம், சிறு எஞ்சின்கள் பெரும்பாலும் இன்னும் மாறவில்லை. மருந்தடிக்கும் பவர் ஸ்ப்ரேயரும், புயலுக்கென்று வாங்கி வைத்த சிறு ஜெனரேட்டரும் கார்புரேட்டரில்தான் ஓடுகின்றன. கஜா போன்ற புயல் வருடந்தோறும் வருவதில்லை. அடுத்தது வரும்வரை ஜெனரேட்டர் மூலையில் பழைய பெட்ரோலோடு நின்றுவிடுகிறது. மின்சாரம் போன இரவில்தான் அது தெரியவரும்.

ஆகவே மழைக்காலம் தொடங்கும் முன்பே ஜெனரேட்டரை வெளியே எடுங்கள். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றி ஓட்டிப் பாருங்கள். மீண்டும் உள்ளே வைக்கும் முன் காக்கை மூடி, கிண்ணம் வற்றி எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.