உறவுக்கார அண்ணன் கொடுத்த பழைய புத்தகங்கள்

திருத்தணி என்றதும் முருகனுக்கு அடுத்தபடி ஞாபகம் வருகிற பெயர் ராதாகிருஷ்ணன். செப்டம்பர் 5 வந்தால் போதும், பள்ளிக்கூட மேடைகளில் அதே கதையைச் சொல்லுவாங்க: ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, உபகாரச் சம்பளத்திலேயே படித்தார், குடியரசுத் தலைவர் ஆனார். கதை பொய்யில்லை. ஆனால் அதில் ஒரு சின்ன விஷயத்தை எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ அங்கேதான் நிற்கத் தோன்றுகிறது.

1888-ல் பிறந்தவர். அப்பா வீராசாமிக்கு ஜமீனில் சின்ன வருவாய் உத்தியோகம். தெலுங்கு பேசும் பிராமணக் குடும்பம், சொற்ப வருமானம். ஆரம்பப் படிப்பு திருத்தணியில். 1896-ல் திருப்பதி ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளி. அப்புறம் வேலூர் ஊரிசு கல்லூரி. கடைசியாகச் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அது அப்போது தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. முதலாவது ஜெர்மன் மிஷன், அடுத்தது அமெரிக்க மிஷன், மூன்றாவது ஸ்காட்லாந்து மிஷன். கடல் தாண்டி யாரோ சர்ச்சில் போட்ட காணிக்கை கட்டிய வகுப்பறைகளில் உட்கார்ந்து, உபகாரச் சம்பளம் வாங்கிப் படித்த பையன், 1908-ல் எம்.ஏ.வுக்கு எழுதிக் கொடுத்த ஆய்வுரை வேதாந்தத்தின் அறநெறி பற்றியது. இந்து மதத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற மிஷனரி விமர்சனத்துக்கு அது பதில். வரலாற்றுக்கு இப்படியும் ஒரு குறும்பு.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அவர் ஏன் தத்துவம் எடுத்தார்? ஞானத் தேடல் என்று மேடையில் சொன்னால் நன்றாக இருக்கும். நடந்தது என்னவோ, அதே கல்லூரியில் தத்துவம் படித்து முடித்த உறவுக்கார அண்ணன் ஒருவர் தன் பாடப் புத்தகங்களை இவரிடம் கொடுத்தார். வேறு பாடம் எடுத்தால் புத்தகம் வாங்கக் காசு வேண்டும். இதற்கு வேண்டாம். அவ்வளவுதான் கணக்கு.

உபகாரச் சம்பளம் இருந்தும் புத்தகம் வாங்க யோசிக்க வேண்டியிருந்தது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம்தான் முக்கியம்: அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் அந்தக் கல்லூரிக்குப் போய் வந்திருக்கிறார். எந்தப் படிப்பு, எப்போது விண்ணப்பம், எங்கே தங்குவது என்றெல்லாம் கேட்க வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்தது. கையில் காசில்லை, வழி தெரிந்திருந்தது. 1900-களில் அதே திருத்தணியைச் சுற்றியிருந்த சேரியிலோ இருளர் குடிசையிலோ பிறந்த பையனுக்கு அந்த அண்ணன் எங்கிருந்து வருவார்?

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையிலேயே பதில் தேட வேண்டியிருந்தவர் ராதாகிருஷ்ணனைவிட மூன்று வயது இளையவர். அம்பேத்கர் மெட்ரிக் தேறியபோது கேலுஸ்கர் என்ற ஆசிரியர் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். பிறகு படிப்புக்குப் பணம் இல்லாதபோது அவரைப் பரோடா மகாராஜாவிடம் அழைத்துப் போனதும் கேலுஸ்கர்தான். மாதம் 25 ரூபாய் கிடைத்தது. 1913-ல் அதே பரோடா உதவியில் கொலம்பியாவுக்குக் கப்பலேறினார். அண்ணன் இல்லாத வீட்டுக்கு ஒரு கேலுஸ்கர் வந்தார். எல்லா வீட்டுக்கும் வருவாரா?

வரமாட்டார் என்று அம்பேத்கருக்குத் தெரியும். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், 1942-லேயே பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று மனு கொடுத்தார். 1944-ல் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாயில் அந்த உதவித்தொகை தொடங்கியது. இன்று போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்று நம்ம கல்லூரி அலுவலக ஜன்னல்களில் கேட்கிற பெயரின் தொடக்கம் அதுதான். மகாராஜாவின் மனசு என்பது போய், பட்ஜெட்டில் ஒரு வரி என்று ஆனது. என் கணக்கில் இந்திய உயர்கல்வி வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பங்கள் குறைவு.

ஆனால் பட்ஜெட் வரி வீடு வந்து சேர ஒரு காகிதம் வேண்டும். பழங்குடிச் சான்றிதழைத் தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அப்பாவுக்கே சான்றிதழ் இல்லாத இருளர் வீட்டுப் பிள்ளைக்கு, பிளஸ் டூ மதிப்பெண் வாங்குவதைவிட இது பெரிய பரீட்சை. திருத்தணியில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ல்தான் இந்த ஊர் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு மாறியது, சொந்தபந்தம் மாறவில்லை. இங்கே ஒரு வீடு, நகரியில் ஒரு வீடு. சாதிப் பட்டியலோ மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரே பாட்டியின் பேரப் பிள்ளைகள் இருவர், உதவித்தொகைக் கணக்கில் இரண்டு வேறு வகையாகிவிடலாம்.

2022 செப்டம்பர் 5, அதாவது ராதாகிருஷ்ணன் பிறந்தநாளில், தமிழ்நாடு அரசு புதுமைப்பெண் திட்டத்தைத் தொடங்கியது. தாலிக்குத் தங்கம் கொடுத்துவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை மாற்றி, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே போடுகிறார்கள். மார்க் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. மேடைக் கதையின் ‘கெட்டிக்கார ஏழைப் பிள்ளை’ இதில் கிடையாது. கெட்டிக்காரியோ இல்லையோ, படிக்கப் போனால் பணம். எனக்கு இது பிடித்திருக்கிறது. பள்ளிப்பட்டுப் பக்கத்து விசைத்தறி வீட்டில், ‘காலேஜ் எதுக்கு, தறியில உக்காரு’ என்கிற பேச்சு எழும்போது, மாதம் ஆயிரம் என்பது அந்தப் பெண் பக்கம் நிற்கிற ஒரு வாதம். திருத்தணியிலேயே முருகன் பெயரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பஸ் ஏறினால் போதும்.

அந்த அண்ணனின் குறையும் அரசுக்குத் தெரியாமல் இல்லை. அதே ஆண்டில் ‘கல்லூரிக் கனவு’ என்று பிளஸ் டூ முடித்தவர்களுக்கு என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று சொல்லித்தரும் நிகழ்ச்சிகளைத் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மண்டபத்தில் ஒரு நாள் உட்கார்ந்து கேட்பது வேறு. முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் போய், ராத்திரி பத்து மணிக்கு, ‘அண்ணா, இப்ப என்ன பண்றது?’ என்று போன் போட ஓர் ஆள் இருப்பது வேறு.