விருந்தோம்புவார் விருந்தினரானால்

திரிசூலம் இரயில் நிலையத்தில் நின்றால் ஜி.எஸ்.டி. சாலைக்கு அப்பால் மீனம்பாக்கம் விமான நிலையம். கடற்கரை–தாம்பரம் மின்தொடரில் நாள்தோறும் போய்வரும் நமக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு, சீருடையின் மேல் ஒரு சட்டையைப் போர்த்தியபடி, பல்லாவரத்துக்கோ குரோம்பேட்டைக்கோ வீடு திரும்பும் இளம் விமானப் பணியாளர்தாம் அது. இருக்கை காலியாக இருந்தாலும் சிலர் நின்றே வருகின்றனர். பிறர் அமரும்வரை தாம் அமராத பழக்கம் ஊர்தி மாறியும் விடுவதில்லை போலும்.

இவர்கள் விமானத்திலேயே பயணியாக அமர நேர்வதும் உண்டு. மறுநாள் வேறோர் ஊரிலிருந்து பணி தொடங்க வேண்டுமென்று நிறுவனமே அனுப்புவது ஒருவகை. சலுகைச் சீட்டில் சொந்த வேலையாகச் செல்வது மற்றொரு வகை. முன்னதை இந்திய விமானப் போக்குவரத்து விதிகள் பணிநேரமாகவே கணக்கிடுகின்றன. பின்னதில் இடம் மிஞ்சினால்தான் பயணம். இரண்டுக்கும் பொதுவான ஒழுக்கங்கள் சில உண்டு. அவற்றுள் எழுதப்பட்டவை சில, எழுதப்படாதவை பல. ஏறியவுடன் பணியிலிருப்போரிடம் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். அழைப்பு மணியை அழுத்தலாகாது. கட்டணம் செலுத்தியவர்க்கு உணவு சென்ற பிறகே தமக்கு என்றிருக்க வேண்டும். சீருடையில் இருந்தால் மது கூடாது. தாம் சலுகையில் வந்திருப்பதை அடுத்த இருக்கைக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. சன்னலோர இருக்கையைக் குழந்தைக்கு விட்டுக்கொடுப்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்வொழுக்கங்கள் வானத்தில் பிறந்தவை அல்ல, தண்டவாளத்தில் பிறந்தவை. கட்டணமின்றிப் பயணம் செய்வோரை அமெரிக்கர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே 'டெட்ஹெட்' என்று குறித்தனர். முதலில் நாடகக் கொட்டகையில் இலவசமாக நுழைந்தோர்க்கு வழங்கிய பெயர் அது. பின்னர் இரயிலுக்கு வந்து, அங்கிருந்து விமானத்துக்கும் ஏறியது. நம் இரயில்வேயில் இதற்கு வேறு சொல் உண்டு. வண்டியை ஓட்டிச்சென்ற ஓட்டுநரும் கார்டும் திரும்பும்போது தம் பொறுப்பில் வண்டி இல்லையெனில் பயணிகளாக வருவர். அதனை 'ஸ்பேர்' என்பர்.

தென்னிந்திய இரயில்வே கம்பெனி 1931 மே 11 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடரை மக்களுக்காக ஓட்டியது. இந்தியாவில் மின்மயமான முதல் மீட்டர் பாதை இதுவே. 2004இல் இத்தடத்திலிருந்து மீட்டர் பாதை விடைபெற்றது. ஆனால் அக்காலத்து ஏற்பாடொன்று இன்றும் நிற்கிறது. பணிக்கான பாஸ் வேறு, சொந்தப் பயணத்துக்கான பாஸ் வேறு. எந்த வகுப்பில் அமரலாம் என்பதைப் பதவியே முடிவுசெய்யும். ஒருவர் விடுமுறையில் மனைவி மக்களோடு செல்லும்போதும் அவருடைய பதவி அவரோடு வண்டியேறுகிறது என்பதே இதன் பொருள்.

விமானம் இவ்வழக்கத்தை எடுத்துக்கொண்டு இறுக்கவும் செய்தது. 1930 மே மாதம் அமெரிக்காவில் எல்லன் சர்ச் என்னும் செவிலியர் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். 1932 அக்டோபரில் டாட்டாவின் அஞ்சல் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியே சென்னைக்கு வந்தபோது அதில் உபசரிக்கப் பயணியே இல்லை. பயணி வந்தபின் உபசரிப்பவர் வந்தார். அவருடைய உடலும் வயதும் திருமணமும் நிறுவனத்தின் விதிக்குள் வந்தன. நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981இல் உச்சநீதிமன்றம், முதல் முறை கருவுற்றவுடன் ஏர் இந்தியாப் பணிப்பெண்ணின் வேலை போகும் என்ற விதியை நீக்கியது. ஆனால் முதல் நான்காண்டுக்குள் மணம் கூடாது என்ற விதியை நிற்க விட்டது. பணியில் இல்லாத பொழுதையும் நிறுவனம் ஆளலாம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் ஊழியர் குடும்பச் சலுகையில் பறக்கவந்த சிறுமியர் இருவர், இறுக்கமான கால்சட்டை அணிந்திருந்ததற்காக ஏற்றப்படாததும் அவ்வெண்ணத்தின் தொடர்ச்சியே.

அடுத்த மாதமே இதன் மறுபக்கம் தெரிந்தது. சிகாகோவில் யுனைடெட் நிறுவன விமானமொன்றில், மறுநாள் பணிக்குச் செல்லவேண்டிய ஊழியர் நால்வர்க்கு இடம் தேடி, ஏற்கெனவே அமர்ந்துவிட்ட பயணி ஒருவரைக் காவலர்கள் இரத்தம் வழிய இழுத்துச் சென்றனர். அந்த ஊழியர் நால்வரும் கேட்டுப் பெற்ற இடமன்று அது. பின்னர் நிறுவனம் விதியை மாற்றி, தன் ஊழியர் புறப்பாட்டுக்கு ஒருமணி நேரம் முன்பே இடம் பதிந்திருக்க வேண்டும் என்றது. வீட்டார் விருந்தினரை எழுப்பிவிட்டு இலையில் அமர்ந்தது போன்ற பிழையைத் திருத்த உலகமே பார்த்த ஓர் அவமானம் தேவைப்பட்டது.

எனினும் இவ்வொழுக்கத்தின் உயிர் எங்கே உள்ளது என்பதை 1989 ஜூலை 19 காட்டியது. அதே நிறுவனத்தின் 232ஆம் எண் விமானத்தில் நடு எஞ்சின் சிதறியது. திசைதிருப்பும் கருவிகள் அனைத்தும் செயலிழந்தன. விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் டென்னி ஃபிட்ச் அதில் வெறும் பயணி. பணிப்பெண்ணிடம் தாம் உதவ முடியும் என்று சொல்லியனுப்பி, அழைக்கப்பட்ட பின்னரே விமானியறைக்குச் சென்றார். எஞ்சிய இரு எஞ்சின்களின் விசையை மட்டும் கூட்டிக் குறைத்து விமானத்தைச் சூ நகரம்வரை கொண்டுவர உதவினார். விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். தானாகக் குறுக்கிடாமையும், தேவைப்படும்போது ஒதுங்கி நில்லாமையும் அவரிடம் ஒருங்கே இருந்தன.

திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தைப் பாடம் சொல்லும்போதெல்லாம் ஒரு குறளில் நாம் சற்று நின்றுவிடுவோம். வந்த விருந்தைப் பேணி, வரும் விருந்துக்காக வழிபார்த்திருப்பவன் வானத்தவர்க்கு நல்விருந்தாவான் என்பது அதன் கருத்து. உபசரித்தவனுக்கும் உபசரிக்கப்படும் நாள் ஒன்று உண்டு என்று வள்ளுவர் எண்ணியிருக்கிறார். அதையும் வானத்திலேயே வைத்திருக்கிறார்.

அழைப்பு மணியை அழுத்தாதிருப்பது அடக்கம் என்றால், அது அவர்களுக்கு மட்டும் உரியதன்று. வேலையின் பாரம் அறிந்தவர் அதைக் கூட்டமாட்டார். அதனை நாமும் அறிந்துகொள்ளலாம். ஆனால் சலுகைச் சீட்டு என்பதற்காகத் தாகத்தையும் அடக்கிக்கொள்ள வேண்டும் என்றால் அது ஒழுக்கமன்று, பழைய பதவிப்படியின் எச்சம். சீருடையோடு அசந்து உறங்குபவரைக் கைப்பேசியில் படமெடுத்துப் பரப்புவோரும் அந்தப் படியில் ஏறி நிற்பவர்களே.

சென்ற வாரம் திரிசூலத்தில் ஏறிய ஒரு பெண்ணுக்கு, எங்கள் எதிரில் இருந்த பூக்காரப் பாட்டி கூடையை நகர்த்தி இடம் கொடுத்து, "உக்காரு கண்ணு" என்றார். அப்பெண் ஒரு கணம் தயங்கிப் பின் அமர்ந்தார். குரோம்பேட்டை வரும்வரை கண்விழிக்கவில்லை. பாட்டிதான் எழுப்பிவிட்டார்.