தொட்டால் பதில் சொல்லும் வரைபடம்



சுண்ணக்கட்டியால் நான் போட்ட பட்டை வரைபடங்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த வகைப் படத்தை ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் 1786-இல் தம் நூலில் அச்சிட்டார். அச்சுப் படத்தில் ஒரு குறை உண்டு. வரைந்தவர் காட்ட நினைத்தது மட்டுமே தெரியும். "அந்த ஓர் ஆண்டை மட்டும் காட்டுங்கள்" என்று கேட்டால் காகிதம் வாய் திறக்காது.

கணினியைக் கொண்டு அதைப் பேச வைத்த முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி. ('பிட்' என்ற கணினிச் சொல்லும் அவர் தந்ததுதான்.) 1970-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டின் துகள்முடுக்கி மையத்தில் ஜெரோம் ஃப்ரீட்மன், மேரி ஆன் ஃபிஷர்கெல்லர் ஆகியோருடன் சேர்ந்து 'பிரிம்-9' என்ற நிரலை உருவாக்கினார். அங்கே அணுத்துகள்களின் ஒவ்வொரு மோதலுக்கும் பல அளவீடுகள் கிடைக்கும். காகிதத்தில் போட முடிந்ததோ இரண்டு அச்சுகள். ஒன்பது அளவீடுகள் இருந்தால் என்ன செய்வது?

பிரிம்-9 புள்ளிகளைத் திரையில் சுழற்றியது. நின்றால் அது வெறும் புள்ளிக் கூட்டம். சுழலும்போது எது முன்னே, எது பின்னே என்று கண்ணுக்குத் தானாகப் புரியும். வேண்டாத புள்ளிகளை மறைக்கலாம், ஒரு கொத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பார்க்கலாம். இதற்கே அன்று ஒரு பெரிய கணினி தேவைப்பட்டது.

1987-இல் பெக்கர், கிளீவ்லண்ட் இருவரும் அடுத்த அடியை எடுத்து வைத்தார்கள். பல படங்களை அருகருகே வைத்து, ஒன்றில் சில புள்ளிகளைத் தீற்றினால் மற்றவற்றிலும் அதே புள்ளிகள் ஒளிரும்.

2011-இல் பாஸ்டாக், ஒகியெவெட்ஸ்கி, ஹீர் மூவரும் வெளியிட்ட 'டி3' நிரல் தொகுப்பு இவற்றை உலாவிக்குள் கொண்டுவந்தது. படத்தின் ஒவ்வொரு வட்டத்தோடும் அதற்குரிய தரவைக் கட்டிவைப்பது அதன் அடிப்படை. அதனால் "சுட்டி மேலே வந்தால் ஊர்ப் பெயரைக் காட்டு" என்பதைச் சில வரிகளில் எழுதிவிடலாம். மென்பொருள் வேலையில் இருக்கும் என் மாணவர்களுக்கு இது பழைய செய்தி. மற்றவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

ஆனால் எதைத் தொடலாம், தொட்டால் எது வரும் என்பதை நிரல் எழுதியவர்தானே முடிவு செய்கிறார்! 2020 ஜனவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட கொரோனா வரைபடத்தைப் பயத்தோடு தொட்டுப் பார்த்தவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. அதன் சிவப்பு வட்டங்கள் நோயாளிகளின் எண்ணிக்கையைக் காட்டின. பெரிய நாட்டுக்கு வட்டம் பெரிதாகத்தான் விழும். லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டால் வரிசையே மாறிவிடும். தொட முடிகிறது என்பதாலேயே எல்லாம் தெரிந்துவிட்டதாக நமக்குத் தோன்றிவிடுகிறது. என்னைக் கேட்டால், முக்கியமான எண்ணைச் சுட்டிக்குப் பின்னால் ஒளிக்காமல் படத்திலேயே எழுதிவிட வேண்டும். பாதிப் பேர் தொடவே மாட்டார்கள்.

டூக்கி பிரிம்-9-ஐ இயக்கி விளக்கும் பழைய படச்சுருள் இணையத்தில் கிடைக்கிறது. பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.