முரண்

'முரண்' என்னும் சொல்லை இந்நாளில் குறைகூறும் சந்தர்ப்பங்களிலேயே பெரும்பாலும் கேட்கிறோமாயினும், பண்டை வழக்கில் அது மாறுபாடு, பகை என்னும் அர்த்தங்களோடு வலிமை என்னும் அர்த்தத்தையும் உடன் தாங்கி நின்றது. தொடுத்தல் என்னும் வினையிற் பிறந்த 'தொடை'யோடு அதனைச் சேர்த்து, சொல்லாலோ பொருளாலோ மாறுபட்டவை எதிரெதிர் நிற்கத் தொடுப்பதை 'முரண்தொடை' என்று பெயரிட்டு, மோனை எதுகைகளோடு ஒரே வரிசையில் வைத்த யாப்பு நூலாரின் நுட்பம் எனக்குப் பேராச்சரியம் தருவது. இருளை நீக்கி ஒளியை வைப்பதன்று. இரண்டையும் ஒரே நாரில் கட்டுவதே தொடை.

பெரிய ஸ்தாபனங்களின் நிர்வாகமும் இத்தகையதே. விலைவாசி ஸ்திரமாயிருக்க வேண்டும், வளர்ச்சியையும் மறத்தலாகாது என்று, 2016-இல் திருத்தப்பெற்ற ரிசர்வ் வங்கிச் சட்டம் கட்டளையிடுகிறது. வட்டியை உயர்த்தினால் விலையேற்றம் தணியும், தொழில் தளரும். தாழ்த்தினால் தொழில் தழைக்கும், விலை ஏறும். ஆகவே 4 சதவீதப் பணவீக்கத்தை இலக்காக்கி, இருபுறமும் 2 புள்ளி நெகிழ்ச்சி தந்து (அந்த நெகிழ்ச்சியே இங்கு நார் என்பேன்), வங்கியைச் சார்ந்த மூவரும் மத்திய அரசு நியமிக்கும் மூவருமாக அறுவர் கொண்ட குழுவிடம் தீர்மானத்தை ஒப்படைத்தார்கள். வாக்குகள் சமமானால் கவர்னருக்கு இன்னுமொரு வாக்குண்டு. மாறுபட்டு வாக்களித்தவரின் காரணமோ, கூட்டத்துக்குப் பின் 14-ஆம் நாள் வெளியாகும் நடவடிக்கைக் குறிப்பில் அவர் பெயரோடேயே இடம்பெறுகிறது.