வாஷி: எரிமலைப் பாறையும் கடலேற்றமும்

மும்பைக்குக் கிழக்கே, தாணே கடற்கழியின் மறுகரையில் உள்ள வாஷி, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல பிற்காலத்தில் குடியேறிய நகரமாகவே நம்மவர்க்கு அறிமுகம். ஆயினும், அங்கே பெய்யும் மழைநீர் வடிவதற்குச் சந்திரனின் கணக்கும் ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்விக்கு விடை காண, நகரின் வரலாற்றை ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

அக்காலத்தில் இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இன்று ரீயூனியன் தீவின் அடியில் உள்ள வெப்பப்புள்ளியை, அதாவது புவியின் ஆழத்திலிருந்து மிகுவெப்பப் பொருள் மேலெழும் இடத்தை, அது கடந்தபோது, நிலப் பிளவுகள் வழியே எரிமலைக் குழம்பு மீண்டும் மீண்டும் பெருகி, அடுக்கடுக்காகப் படிந்து, பசால்ட் என்னும் கரும்பாறையாக இறுகியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தக்காண டிராப் எனப்படும் இப்பாறைப் பரப்பு இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் விரிந்துள்ளது. வாஷிக்குக் கிழக்கே எழும் பார்சிக் குன்றுகள் அதன் ஒரு துணுக்கே. மாத்தேரானில் ஏறக்குறையக் கிடைமட்டமாக உள்ள அடுக்குகள் பன்வேல் பகுதியில் வளைந்து மேற்கே கடலை நோக்கிச் சரிகின்றன. புவியியலாளர் ஆடன் 1949இல் விரிவாக எழுதிய இந்த ‘பன்வேல் வளைவு’, செஷல்ஸ் நிலத்துண்டு இந்தியாவிலிருந்து பிரிந்த காலத்து நில அசைவுகளோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது.

இப்பாறைகளுக்கிடையே தாழ்ந்து கிடந்த பகுதியில் கடல் புகுந்து தாணே கடற்கழி உருவாயிற்று. சந்திரனும் சூரியனும் ஈர்ப்பதால் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறும் கடல்நீர் கொண்டுவந்த நுண்சேறு, அலையாத்தி மரங்களின் வேர்களிடையே தங்கி, கரையோரத்தைச் சதுப்பாக்கியது. அந்தச் சதுப்பில் மண்வரப்புகள் கட்டிக் கடலைத் தடுத்து நெல் விளைத்தவர்களும், பாத்திகளில் உப்பு எடுத்தவர்களும், மீன் பிடித்தவர்களுமான ஆக்ரி, கோலி மக்களே கடல் ஏறி இறங்கும் ஓதத்தின் நேரத்தை அறிந்து அதனோடு வாழ்ந்த முதல் அறிஞர்கள் என்று சொல்வது மிகையாகாது.

சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரிஷ் படேல் ஆகியோர் கடற்கழியின் மறுகரையில் புதிய நகரம் அமைக்கலாம் என்று 1960களில் முன்வைத்த எண்ணத்தை ஏற்று, 1970இல் மகாராஷ்டிர அரசு சிட்கோ என்னும் நகரமைப்பு நிறுவனத்தை அமைத்தது. 1973இல் கடற்கழியின் மீது பாலம் திறக்கப்பட, புதிய நகரத்தின் முதல் பகுதியாக வாஷி எழுந்தது. உயர் ஏற்றத்தின்போது கடல்மட்டத்துக்குக் கீழாகிவிடும் தாழ்நிலம் இங்கு உண்டு என்பதால், நெதர்லாந்து நாட்டின் அனுபவத்தையொட்டி நீர்தாங்கு குளங்கள் வெட்டப்பட்டன. கடல் ஏறும்போது அதன் அழுத்தமே குளத்தின் வாயிலில் உள்ள கதவுகளை மூடிவிடுகிறது. நகரின் மழைநீர் குளத்தில் தேங்குகிறது. கடல் வற்றியதும் குளத்துநீர் கதவுகளைத் தள்ளித் திறந்து வெளியேறுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சந்திரனும் சூரியனும் ஒரே நேர்கோட்டில் ஈர்ப்பதால் ஏற்றம் மிகுகிறது, அது 4.5 மீட்டரைத் தாண்டும் மழைக்கால நாட்களின் பட்டியலை மும்பை மாநகராட்சி முன்கூட்டியே வெளியிடுவது இதன் பொருட்டே.

இக்குளங்களைச் சிட்கோவின் மிகச் சிறந்த பொறியியல் பணி எனலாம். ஆனால் சேறு சுமந்து வரும் ஓதம் குளங்களையும் விட்டுவைக்கவில்லை: அவை தூர்ந்தன, தூர்ந்த இடத்தில் அலையாத்திகள் முளைத்தன. அம்மரங்களை வெட்டுவதற்கு 2005இல் மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கரையைக் காக்கும் காட்டுக்கு அத்தடை இன்றியமையாதது என்றாலும், குளத்துக்குள் முளைத்தவற்றை அகற்றித் தூர்வார அனுமதி பெறுவது அதனால் நீண்ட வேலையாயிற்று. கொள்ளளவு குறைந்த குளத்தில், பெருமழையும் உயர் ஏற்றமும் ஒன்றுசேரும் சில மணி நேரத்துக்கு நீர் நிற்க இடமிருக்காது. ஆகவே கரையோரக் காட்டையும் குளத்தில் முளைத்த மரங்களையும் வேறுபிரித்து நோக்கும் விதி வாஷிக்கு உடனடியாகத் தேவைப்படுகிறது.