தொழுவுரமும் சீமை உரமும்

மாட்டெருவே போதுமென்பார் சிலர். மூட்டையில் வரும் சீமை உரமே போதுமென்பார் வேறு சிலர். இவ்வழக்கைத் தீர்க்கவல்லது பழமைப் பற்றுமன்று, புதுமை மோகமுமன்று, சோதனையே. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட்டில் 1843-இல் லாசும் கில்பர்ட்டும் அதனைத் தொடங்கினர். தமிழ் மண்ணில், கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில், 1909-இல் நிலையான உரச் சோதனை வயல் அமைந்தது. ஒரு பாத்திக்கு எரு, ஒன்றுக்குச் சீமை உரம், ஒன்றுக்கு எதுவுமில்லை, ஆண்டுதோறும் இதுவே முறை. இத்தகைய நெடுஞ்சோதனைகள் உணர்த்துவது யாது? சீமை உரம் பயிருக்கு விரைந்து உணவூட்டும். எரு மண்ணை வளமாக்கி ஈரத்தையும் உரத்தையும் பிடித்துவைக்கும். இரண்டும் சேர்ந்தவிடத்தே விளைச்சல் நிலைக்கும்.

கோத்தா கோலா மூடாவில் வீட்டுப் பின்புறம் கத்தரியும் வெண்டையும் வளர்க்கும் தோழர்களே! நம்முடையது மழை மிகுந்த நாடு. எருவற்ற மண்ணில் இடும் உரம் நீரோடு ஓடும். அதனோடு ஓடுவது நம் கூலிக்காசு. மக்கிய எருவை முதலில் இடுவோம்; பின்னர் உரத்தைச் சிறிது சிறிதாகப் பகிர்ந்திடுவோம்.