ஆடிக் கிருத்திகையும் தறிக் கூலியும்

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணி மலை காவடிகளால் நிறைந்துவிடும். சுற்றுவட்டாரத்தில் இருந்து பலர் நடந்தே போவார்கள். அன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்! ஆனால் கலெக்டர் அறிவிப்பை முழுதாகப் படித்தால் அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும். இது செலாவணி முறிச் சட்டப்படியான பொது விடுமுறை அல்ல என்று.

பொதட்டூர்பேட்டை திருத்தணிக்குப் பக்கத்து ஊர், தறி ஓடும் ஊர். ஒரு நெசவாளி காவடி எடுக்கப் போனால் அன்று தறி நிற்கும். தறி நின்றால் கூலி? இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது.

முதலில் அந்தச் செலாவணி முறிச் சட்டம். 1881இல் வந்தது. செக், உண்டியல், பிராமிசரி நோட்டு பற்றிய சட்டம். பணம் கட்ட வேண்டிய நாள் விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது என்று சொல்வதற்காகத்தான் அதில் 'பொது விடுமுறை' என்ற வார்த்தையே வருகிறது. தொழிலாளியின் சம்பளம் பற்றி அதில் ஒரு சொல் கூடக் கிடையாது. இங்கிலாந்தில் 1871இல் ஜான் லப்பக் கொண்டுவந்த சட்டமும் இப்படித்தான், பேங்குகளுக்கான விடுமுறைச் சட்டம். காலண்டரில் சிவப்பு மசியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து 'அன்று எல்லோருக்கும் சம்பளத்தோடு லீவு' என்று நினைப்பது பலரும் செய்யும் தவறு.

ஆலைத் தொழிலாளியின் விடுமுறைக் கதை வேறு. அதே 1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைத் தொழிலாளர்களுக்கு மட்டும் மாதம் 4 நாள் விடுமுறை கொடுத்தது. பெரியவர்களுக்கு ஒன்றும் இல்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே வருஷக்கணக்கில் போராடி, 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகளிடம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை பெற்றார். மறு வருஷம் சட்டமும் வாராந்திர விடுமுறையை ஏற்றது. ஆனால் அந்த ஓய்வுக்குக் கூலி தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஓய்வு உண்டு, சாப்பாட்டுக்கு வழியை நீயே பார்த்துக்கொள் என்ற கதைதான்.

சென்னையில் 1918இல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் உயர்நீதிமன்றம் எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணி கடற்கரையிலும் மே தினக் கூட்டங்கள் நடத்தினார். மே தினத்தை அரசு விடுமுறையாக்க வேண்டும் என்று அங்கே தீர்மானமும் போட்டார்கள். சம்பளத்தோடு கூடிய வருடாந்திர விடுப்பு 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் உறுதியானது. முந்தைய வருஷம் 240 நாள் வேலை செய்திருந்தால், வேலை செய்த 20 நாளுக்கு 1 நாள் என்று கணக்கு.

பண்டிகைக்குத் தனிச் சட்டம் 1958இல் வந்தது. காமராஜர் முதல்வர், தொழிலாளர் துறை ஆர்.வெங்கட்ராமனிடம். அவரே தொழிலாளர் வழக்குகளில் பெயர் எடுத்த வக்கீல். தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள் சட்டம் என்று அதற்குப் பெயர். திருத்தங்களுக்குப் பிறகு இன்று அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய 4 நாட்கள், அதோடு 5 பண்டிகைகள், ஆக 9 நாள் சம்பளத்தோடு விடுமுறை. எந்த 5 பண்டிகை என்பதை முதலாளியையும் தொழிலாளிகளையும் கலந்து இன்ஸ்பெக்டர் முடிவு செய்வார். பொங்கலும் தீபாவளியும் போக மிச்சத்தில் ஆடிக் கிருத்திகையைக் கேட்டு வாங்கவும் இடம் இருக்கிறது. விடுமுறையன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் அன்றைய சம்பளமும் பதிலுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறையும். இரண்டில் எது என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்கு! இது நல்ல சட்டம், சந்தேகமே இல்லை.

ஆனால் 1958இல் இந்தச் சட்டம் வந்தபோது பொதட்டூர்பேட்டை சென்னை மாகாணத்திலேயே இல்லை! அது சித்தூர் மாவட்டத்தோடு சேர்த்து 1953 அக்டோபரில் ஆந்திராவுக்குப் போயிருந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் ஆகியோரின் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை எல்லாம் முடிந்து, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் தமிழகத்துக்குத் திரும்பின. எல்லை மாறிய அன்றே சட்டமும் மாறிவிடாது. பழைய சட்டம் புதிதாக உத்தரவு வரும்வரை தொடரும் என்பதே இப்படிப்பட்ட மாற்றங்களில் வழக்கம். ஆந்திராவோ இதுபோன்ற விடுமுறைச் சட்டத்தை 1974இல்தான் போட்டது. அந்தப் பக்கமே இருந்திருந்தால் இன்னும் 14 வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

சரி, ஊர் எல்லைக்குள் வந்தாயிற்று. நெசவாளி சட்டத்துக்குள் வந்தாரா? அங்கேதான் சிக்கல். நூலும் பாவும் ஒருவர் கொடுப்பார், தறி இன்னொருவர் வீட்டில் ஓடும், கூலி நெய்த அளவுக்கு. இதில் யார் முதலாளி? விடுமுறைக் கூலி யார் தர வேண்டும்?

இதே கேள்வி பீடித் தொழிலில் உச்சநீதிமன்றம் வரை போயிருக்கிறது. நாக்பூரில் ஒரு பீடித் தொழிற்சாலை. தொழிலாளிகள் 15 நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்கு வரவில்லை. அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது என்றது நிர்வாகம். சுற்றிய பீடிக்குத்தான் கூலி, நினைத்த நேரம் வந்து போகிறவர்கள், இவர்கள் எப்படித் தொழிலாளிகள் ஆவார்கள் என்பது வாதம். பிர்திசந்த் சர்மா வழக்கு என்று இதற்குப் பெயர். 1960 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தரம் குறைந்த பீடியை ஒதுக்கித் தள்ளும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருக்கிறது, வேலையும் அவர்கள் இடத்தில்தான் நடக்கிறது, ஆகவே அவர்கள் தொழிலாளிகளே, விடுப்புக் கூலி உண்டு என்றது நீதிமன்றம். அடுத்த வருஷமே நாசிக் பக்கத்து சின்னர் ஊரில் இருந்து கிட்டத்தட்ட அதே மாதிரி வழக்கு. இந்த முறை பெரும்பான்மைத் தீர்ப்பு, பீடி சுற்றியவர் தொழிலாளி இல்லை, விடுப்புக் கூலி இல்லை என்றது! ஒரே நீதிமன்றம், ஒரே தொழில், இரண்டு பதில்.

இந்தக் குழப்பத்துக்குப் பிறகு 1966இல் பீடித் தொழிலுக்குத் தனிச் சட்டம் வந்தது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவரும் தொழிலாளியே, அவருக்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று அது சொன்னது. நடுவில் காண்ட்ராக்டரை வைத்துவிட்டுக் கை கழுவ முடியாது என்றும் சொன்னது. முதலாளிகள் எதிர்த்துப் போனார்கள். 1974இல் உச்சநீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. அதற்கு முந்தைய வருஷம் சிக்கந்தராபாத் தையற்கடை வழக்கிலும், பீஸ் கணக்கில் தைத்து, சில சமயம் துணியை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களும் தொழிலாளிகளே என்றது. தைத்தது சரியில்லை என்று திருப்பித் தைக்கச் சொல்ல முடிகிறதா? அப்படியானால் அவர் முதலாளிதான்!

நெய்த துணியில் குறை கண்டு கூலியைப் பிடிப்பவருக்கும் இதே அளவுகோலை வைத்துப் பாருங்கள். நியாயப்படி பதில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இன்னொரு வேலி தலை எண்ணிக்கை. 1948 சட்டத்தில் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் நாலு தறி ஓடினால் 10 பேருக்கு எங்கே போவது?

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டமும் பீடிச் சட்டமும் தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய புதிய சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டன. அதில் வருடாந்திர விடுப்புக்குத் தேவையான 240 நாள் 180 ஆகக் குறைந்திருக்கிறது. இது நல்லது. கூடவே 10 பேர் என்பது 20 பேர் ஆகிவிட்டது.

திருத்தணி மலைக்கு 365 படி, நாளுக்கு ஒரு படி வீதம் 365 நாள் என்று கணக்குச் சொல்வார்கள். டிசம்பர் 31 இரவு ஒவ்வொரு படிக்கும் பூஜை நடக்கும். புத்தாண்டு லீவில் வெள்ளைக்காரத் துரைகளைப் பார்க்கப் போனவர்களை, தணிகைத் துரையைப் பார்க்க வாருங்கள் என்று வள்ளிமலை சுவாமிகள் திருப்பியதில் தொடங்கிய பழக்கம் என்பார்கள். அந்த லீவு உத்தியோகஸ்தர்களுக்கு இருந்தது. நாலு தறிக் கொட்டகையில் நெய்கிறவர் இன்றும் ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறினால், அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்.